ஓ.பி. சீட்டில் ஊர்ப் பெயர் இருக்கிறது

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகப் பணியேற்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பட்டியலில் பெயர் வந்து, கலந்தாய்வில் ஊரும் முடிவாகி, நியமன ஆணையைக் கையில் வைத்திருப்பீர்கள். போகிற ஊருக்கு எத்தனை பஸ், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ் உண்டா, பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்க மாலையில் நேரம் கிடைக்குமா என்பதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். 30 வருடத்துக்கு முன் என் மனதிலும் இவைதான் ஓடின. அதில் தவறில்லை. அன்று யாரும் என்னிடம் கேட்காத ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் போகும் ஊரின் மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்?

இதை ஏன் கேட்கிறேன் என்பதற்கு என் முதல் ஊரில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

1993 ஆடி மாதம். நான் பணியில் சேர்ந்து நான்காவது மாதம். வானம் பார்த்த பூமி. காலை 8 மணிக்கே வராந்தாவில் வரிசை நிற்கும். 150 சீட்டுக்குக் குறையாது. அந்த வாரம் வாந்தி, பேதி என்று குழந்தைகளும் பெரியவர்களும் வந்தார்கள். நாக்கைப் பார்த்தேன், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தேன், தேவைப்பட்டவர்களுக்கு டிரிப் ஏற்றினேன். ஒவ்வொருவரையும் சரியாகத்தான் பார்த்தேன். அதை இன்றும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். நான்காம் நாள் சாயங்காலம் ஒரு பாட்டியை வாடகை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண் குழிவிழுந்து, விரல் நுனி சுருங்கி, நாடி கைக்கு அகப்படவில்லை. இரண்டு கையிலும் ஊசி போட்டு டிரிப்போடு அதே வேனில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். வழியிலேயே போய்விட்டார்.

மறுநாள் ஓ.பி. முடிந்த நேரத்தில் எங்கள் சுகாதார ஆய்வாளர் அறைக்கு வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்தவர். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கம்பியில் குத்திவைத்திருந்த அந்த வாரத்துச் சீட்டுகளை உருவிக் கொண்டுவந்திருந்தார். என் மேஜையில் அவற்றை ஊர் ஊராகப் பிரித்து அடுக்கினார். எல்லா அடுக்கும் ஒல்லியாக இருக்க, ஒன்று மட்டும் தடிமனாக நின்றது.

"மேடம், இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க."

17 சீட்டு. ஒரே குக்கிராமம். அதில் 15 கிழக்குத் தெரு. பாட்டியும் கிழக்குத் தெரு.

அந்த 17 பேரின் நாக்கும் நாடியும் எனக்கு நினைவிருந்தது. ஊரைக் கவனித்திருக்கவில்லை. ஊர்ப் பெயர் ஒவ்வொரு சீட்டிலும் என் கையெழுத்துக்கு இரண்டு வரி மேலே எழுதியிருந்தது. இரண்டாம் நாளே அடுக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பாட்டி பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தத் தெருவில் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் குடம் குடமாக அதே தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். அதை நிறுத்தியிருக்கலாம்.

ஆய்வாளர் சைக்கிளில் முன்னே போக, நான் கிராம சுகாதார செவிலியரோடு நடந்து போனேன். கிழக்குத் தெருவின் கடைசிக் குழாயடியில் அவர் பையைத் திறந்து குளோரோஸ்கோப் பெட்டியை எடுத்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சில சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். ஏறவில்லை. தெருவின் நடுவில் பார்த்தோம், இல்லை. தொட்டியின் அடிக்குழாயிலேயே பார்த்தோம், அங்கும் இல்லை. தொட்டியிலிருந்து தெருவுக்கு வரும் வழியில் ஒரு வால்வு குழி இருந்தது. பக்கத்துச் சாக்கடை நிரம்பி அதற்குள் வழிந்து, வால்வு முழுகிக் கிடந்தது. "தண்ணி விடும்போது பைப்பு வெளியே தள்ளும், நிறுத்தினா உள்ளே இழுக்கும் மேடம்" என்றார். தினம் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், மிச்ச 23 மணி நேரமும் அந்தக் குழாய் ஓட்டை வழியாக எதை இழுத்துக்கொண்டிருக்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு, பிளீச்சிங் பவுடர் போடுகிறாயா என்று கேட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். "போட்டா தண்ணி மருந்து நாத்தம் அடிக்குதுன்னு பொம்பளையாளுக ஏசுறாங்க சார். சோறு கூட நாறுதாம்." மூட்டை எங்கே என்று கேட்டதற்கு, ஒரு பழைய அறையின் மூலையைக் காட்டினார். வாய் திறந்து கிடந்தது. ஈரம் பட்டு மேலே கட்டி தட்டியிருந்தது. குனிந்து முகர்ந்தேன், ஏறக்குறைய வாடையே இல்லை.

ஹாராக்ஸ் கருவியைப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள். ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம். இறுதித் தேர்வில் அதன் படத்தை வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த அறையில் மூட்டைக்கு முன்னால் நின்றபோது, எத்தனை கிராம் போடவேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆய்வாளர்தான் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1,000 லிட்டருக்கு ஒரு கிராம் குளோரின் சேரவேண்டும் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 33 வீரியமுள்ள புதுப் பவுடர் 3 கிராம் வேண்டும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 90 கிராம். அதே பவுடர் காற்றுப்பட்டு வீரியம் 20-க்கு இறங்கியிருந்தால் 150 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இதுவும் பற்றாது. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். போட்டு ஒரு மணி நேரமாவது விட்டு, அப்புறம் கடைசி வீட்டுக் குழாயில் பார்க்கவேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. தொட்டியின் கொள்ளளவு தெரியாதவர்களுக்கு அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

அடுத்த மூன்று நாளும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தோம். பெயர், வயது, எந்த நாள் எத்தனை மணிக்கு முதல் பேதி, எங்கே தண்ணீர் பிடிப்பது. எந்த நாளில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கட்டம் போட்ட தாளில் குறித்தோம். கிழக்குத் தெருவில் நோய் வராத வீடுகளுக்கும் போனோம். அதில் பல வீடுகள் கோயில் கிணற்றுத் தண்ணீர் குடித்தன. நோய் வந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. வராதவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு மனதில் படும்படி யாரும் சொன்னதில்லை. செருப்புத் தேய நடந்த அந்த மூன்று நாளில் படிந்துவிட்டது.

இனி உங்கள் பயிற்சிக்கு வருகிறேன்.

புதிதாகச் சேர்பவர்களுக்குப் பொது சுகாதாரப் பயிற்சி என்று ஒன்று இருக்கும். அரங்கில் உட்காருவீர்கள். திட்டத்துக்கு ஒரு ஸ்லைடு வரிசை ஓடும். மதிய உணவுக்குப் பிறகு கண் சொக்கும். எனக்கு நடந்த பயிற்சி அப்படித்தான் இருந்தது. பேசியவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த முறைதான் இந்த வேலைக்குப் பொருந்தாது. பிரசவம் பார்ப்பதை ஸ்லைடில் காட்டிவிட்டு உங்களைப் பிரசவ அறையில் தனியே விட்டார்களா? பக்கத்தில் ஒருவர் நின்று, உங்கள் கையைப் பிடித்து, இங்கே தாங்கு, இப்போது இழுக்காதே என்று சொல்லித்தானே பழக்கினார்கள்? கொள்ளை நோயை விசாரிப்பதும் அப்படிப் பழகவேண்டிய கைவேலைதான். வால்வு குழிக்குள் எட்டிப் பார்ப்பது, ஊராட்சித் தலைவரிடம் தொட்டி அழுக்காக இருக்கிறது என்று அவர் முகம் கோணாமல் சொல்வது, இறந்துபோன ஒரு பெண்ணின் வீட்டில் தரையில் உட்கார்ந்து கடைசி நாள் என்ன நடந்தது என்று கேட்பது, இவை எதுவும் ஸ்லைடில் வராது.

நம் நாட்டில் இதை யோசிக்காமல் இல்லை. 1946-ல் போர் (Bhore) குழு தந்த அறிக்கையிலேயே, மருத்துவப் படிப்பில் நோய்த்தடுப்புக்கும் சமூக மருத்துவத்துக்கும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும், சமூகத்தைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் உருவாகவேண்டும் என்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணமே அந்த அறிக்கையின் பிள்ளைதான். தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பெருமையே உண்டு. பொது சுகாதாரத் துறை இங்கே 2022-ல் நூற்றாண்டு கொண்டாடியது. 1939-ல் வந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், உங்கள் சுகாதார ஆய்வாளர் எந்த அதிகாரத்தில் ஒரு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கிறார் என்பது தெரியவேண்டும். பொது சுகாதாரத்தில் தனிப் படிப்பு முடித்த மருத்துவர்களுக்கென்றே தனிப் பணிநிலை வைத்து நடத்திவரும் மாநிலம் இது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு முகாம்களில் காலராவோ தட்டம்மையோ பெரிதாகப் பரவி இன்னொரு சாவு வரிசை வரவில்லை. பல மாவட்டங்களிலிருந்து போன ஆய்வாளர்களும் செவிலியர்களும் மருத்துவர்களும் குளோரின், தடுப்பூசி, கழிப்பிடம், தினசரி நோய்க் கணக்கு என்று முகாம் முகாமாக உட்கார்ந்து பார்த்த வேலை அது. வராமல் போன நோய்க்குப் புகைப்படம் கிடையாது. அதனால் அது பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை.

இவ்வளவு அனுபவம் இருக்கும் துறையில் நீங்கள் சேர்கிறீர்கள். அந்த அனுபவம் இருப்பது 50 வயதைத் தாண்டிய ஆய்வாளர்கள், செவிலியர்கள் கையில். ஒவ்வொரு மாதமும் யாராவது மாலை போட்டுக்கொண்டு ஓய்வுபெற்றுப் போகிறார்கள். அவர்கள் போவதற்குள் அவர்களோடு நடந்துவிடுங்கள்.

பொது மருத்துவர் ஒருவர் தன் பதிவேட்டை வைத்துக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வில்லியம் பிக்கிள்ஸ். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு, அதில் ஐஸ்கர்த் என்ற சிற்றூர். அங்கே வைத்தியம் பார்த்தவர். ஆய்வுக்கூடம் கிடையாது, உதவியாளர் கூட்டம் கிடையாது. எந்தக் கிராமத்தில், எந்த நாளில், யாருக்கு என்ன நோய் என்று நாள் தவறாமல் அட்டவணையில் குறித்துவந்தார். 1929-ல் மஞ்சள் காமாலை பரவியபோது, நோயுற்ற பெண் ஒருத்தி ஊர்த் திருவிழாவுக்கு வந்துபோனதைப் பிடித்து, அங்கே வந்திருந்தவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழுவதைக் கணக்கில் காட்டினார். அந்த நோயின் அடைகாலம் அவ்வளவு நீளம் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது ஒரு கிராமத்து டாக்டரால்தான். யார் யார் வீட்டுக்கு யார் போய்வந்தார்கள் என்பது நகரத்துப் பேராசிரியருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவருடைய புத்தகம் வந்தது 1939-ல். நம் சட்டம் வந்த அதே வருடம்.

இன்னொருவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கோர்ரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் 1961 முதல் வேலை பார்த்தவர். தன்னிடம் வருகிறவர்களுக்கு மட்டும் ரத்த அழுத்தம் பார்ப்பதோடு நிற்காமல், தன் பொறுப்பில் உள்ள வயதுவந்தோர் அத்தனை பேருக்கும் பார்த்தார். வராதவர்களைத் தேடிப் போனார். யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் அவர் எழுதிய கட்டுரையை உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

நம்மிடமும் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. மாதக் கடைசியில் உங்கள் மேஜைக்கு ஒரு எண் வரும்: இத்தனை பேருக்குச் சர்க்கரை, இத்தனை பேருக்கு ரத்த அழுத்தம். அந்த எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். எத்தனை பேரில் என்று கேளுங்கள். உங்கள் நிலையத்தின் கீழ் ஏறக்குறைய 30,000 பேர் இருப்பார்கள். அதில் 30 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை, பார்த்தது எத்தனை, மாத்திரை எடுப்பவர்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தது எத்தனை? பார்க்காமல் விட்டவர்கள் யார்? பெரும்பாலும் காலை 6 மணிக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் வரும் ஆண்கள். அவர்களுக்குச் செவிலியர் வரும் நேரத்தை மாற்றவேண்டும். மருந்தை மாற்றிப் பயனில்லை.

ஒருமுறை தடுப்பூசிக் கணக்கில் எங்கள் துணை சுகாதார நிலையம் ஒன்று நூற்றுக்கு நூறு காட்டியது. அந்தச் செவிலியர் நேர்மையான பெண், எழுதியது பொய்யில்லை. பதிவேட்டில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் போட்டிருந்தார். ஊருக்கு வெளியே செங்கல் சூளை இருந்தது. அங்கே வந்து தங்கியிருந்த குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு புதன்கிழமை தடுப்பூசி முடித்துவிட்டு அவரோடு சூளைக்குப் போனேன். ஒரு வயதைத் தாண்டியும் ஒரு ஊசிகூடப் போடாத குழந்தைகள் செங்கல் அடுக்குகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். "இவங்க நம்ம ஊரு இல்லையே மேடம்" என்றார் அவர், கண் கலங்கி. அடுத்த புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு அங்கேதான் முதலில் போனார்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். தடுப்பூசி 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று மனப்பாடமாகத் தெரியும். குப்பியில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் வட்டம், வெப்பம் பட்டதைக் காட்டும், உறைந்துபோனதைக் காட்டாது. பென்டாவேலன்ட் போன்றவை ஒருமுறை உறைந்தால் வீண். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய குப்பி ஒன்றையும் சந்தேகமான குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் எதில் துகள் அடியில் படிகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பெட்டியின் வெப்பமானிப் பதிவை அப்புறம் அலட்சியமாகப் பார்க்கமாட்டார்கள்.

மழைக்காலம் வந்தால் டெங்கு. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டிரம்மில் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாள் முழுக்க அவர்களோடு போங்கள். ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு எல்லாம் உங்கள் கண்ணில் தானாகப் படத் தொடங்கிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில், டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டு என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் மறுப்பாள். மறுப்பது அறியாமையால் இல்லை. அந்தத் தண்ணீருக்காக அவள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கிறாள். துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், அபேட் மருந்தை ஊற்றவையுங்கள், டிரம் காலியாகும் நாளில் பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். பிறகு அந்தத் தெருவுக்கு ஏன் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று ஊராட்சியில் போய்க் கேளுங்கள். அதுவும் டெங்கு வைத்தியத்தில் சேர்த்திதான்.

காசநோயில் நம் மாநிலம் 2022 ஏப்ரலில் தொடங்கிய இறப்பில்லாத் திட்டமும் இந்தக் கைவேலைக்கு நல்ல பாடம். நோய் உறுதியான அன்றே உயரம், எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே படுக்கையில் சேர்க்கச் சொல்கிறார்கள். எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும். எக்ஸ்ரே பார்த்துப் பிரமிக்கும் நாம், எடை பார்ப்பதை உதவியாளரின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நீங்கள் சீட்டுகளை அடுக்கி, நோயைக் கண்டுபிடித்து, உள்ளபடி எழுதி அனுப்பினால், எல்லா இடத்திலும் பாராட்டு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஆய்வுக் கூட்டத்தில், "உங்க ஏரியால மட்டும் ஏன் இவ்வளவு?" என்று எழுப்பி நிறுத்திக் கேட்கக்கூடும். என்னைக் கேட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் முன்னால் நின்றேன். பக்கத்துப் பகுதியில் ஒன்றுமே இல்லை என்று எழுதியவர் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் எண்ணைக் குறைத்து எழுதிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தடுத்தது அந்தப் பாட்டியின் முகம்தான். காய்ச்சல் கணக்கில் ஒரு பூஜ்யம் போட்டால் யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள். மருந்து வராது, ஆள் வராது, குழாயும் மாறாது. இப்போது கணினியில் பதிகிறீர்கள், சீக்கிரம் மேலே போகிறது. கீழே தட்டுகிற எண் உண்மையாக இருந்தால்தான் அந்த வேகத்துக்குப் பொருள்.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நடக்கும் விசாரணையிலும் இதே பயம் வரும். தாய் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது; 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய் இறப்பு. ஒவ்வொரு சாவையும் உட்கார்ந்து பேசியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. வீட்டில் முடிவெடுக்க எத்தனை மணி நேரம், வண்டி கிடைக்க எத்தனை, ஆஸ்பத்திரிக்கு வந்த பின் கை வைக்க எத்தனை என்று மூன்றையும் நேரம் போட்டு எழுதுங்கள். உங்கள் தாமதம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கை நடுங்கும். எழுதிவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த உடனே வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு மதியம் எனக்கு வெளியே வேலை வேண்டும், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருக்கவேண்டும். தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் வரை ஒரு நாள். கொசுப் புழு தேடி ஒரு நாள். செவிலியரின் வீட்டுச் சந்திப்பில் சில நாள். அந்த மூன்று மாதத்தில் எங்கே கொள்ளை நோய் வந்தாலும், அது என் பகுதியாக இல்லாவிட்டாலும், விசாரிக்கப் போகும் குழுவோடு என்னை அனுப்புங்கள் என்று கேளுங்கள். பூந்தமல்லியில் பொது சுகாதார நிறுவனம் இருக்கிறது. பூச்சிகளால் பரவும் நோய்களுக்கு ஓசூரில் தனி நிறுவனம் இருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. பெரிய படிப்புகள் அங்கெல்லாம் உண்டு, ஆர்வமிருந்தால் பிறகு போகலாம். நான் கேட்பது அதற்கு முன்னால் வரவேண்டிய நடை. தனியாகக் கேட்டால் மறுக்கலாம். ஒரு வட்டாரத்தில் நான்கைந்து பேர் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், சேர்ந்து கேளுங்கள். ஓ.பி.யை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. நான்கு பேரும் முறைவைத்து ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறோம் என்று பதிலையும் நீங்களே கொண்டுபோங்கள்.

நுழைவுத் தேர்வுக்குப் படியுங்கள். எலும்பு மருத்துவராகவோ கண் மருத்துவராகவோ ஆகுங்கள். நாட்டுக்கு அவர்களும் வேண்டும். ஆனால் அந்த ஊரில் இருக்கும் இரண்டு மூன்று வருடமும் அந்த 30,000 பேருக்கு வேறு டாக்டர் இல்லை.

அந்த ஆடி மாதம் முடியுமுன் கிழக்குத் தெருவுக்கு மறுபடி போனேன். வால்வு குழியைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பாட்டியின் மகள் வாசலில் உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "மருந்து வாடை அடிக்கும் டாக்டரம்மா, பரவாயில்லையா?" என்று கேட்டார். வாங்கிக் குடித்தேன். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், அந்த வாடை இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம், வாடை நின்றால் எனக்கு ஆள் அனுப்புங்கள் என்றேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, "வாடை நின்னு போச்சு" என்றார்.

சரி, திங்கட்கிழமை போகிறீர்கள். ஓ.பி. முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சீட்டோ பதிவேடோ கணினியோ, எதுவாக இருந்தாலும் அன்றைய பெயர்களை ஊர் ஊராகப் பிரித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். ஒரே தெருவில் ஒரே தொந்தரவு மூன்றாகச் சேர்ந்திருந்தால், சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள், சாப்பாட்டை அப்புறம் வைத்துக்கொண்டு அவரோடு கிளம்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வட்டார மருத்துவ அலுவலர் ஒருவர்